கோபக் கலியாணங்களின் வெள்ளிக்கிழமை

கொட்டாஞ்சேனை
03.02.2025

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் ஜெயராணி அறிவது,

இவ்விடம் நான், மகள், பேத்தி நிஷாந்தினி எல்லோரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தையும் கேட்டு எழுதுவது வழக்கம், அதனால் கேட்கிறேன்.

இது கோபம் தீர்ந்து எழுதும் கடிதம் இல்லை. இனி உன்னோடு கதைக்க மாட்டேன் என்று 2018 ஆவணியில், உன் மகள் றஷ்மியின் கலியாண மண்டபத்துப் படியில் நின்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். வெள்ளவத்தையில் கலியாணங்களை நேரலையாக வெளிநாட்டுச் சனத்துக்குக் காட்டும் கொம்பனி ஒன்றில் நிஷாந்தினிக்கு வேலை கிடைத்திருக்கிறது. றஷ்மியின் கலியாணத்தை எடுத்ததும் அவர்கள்தான். எடுத்த வீடியோக்களை எல்லாம் கிளவுட் என்ற இடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். மேகம் ஒன்றும் இல்லை, நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். சிங்கப்பூரில் யாருடையதோ கொம்பியூட்டர். அதற்கு மாத வாடகை, அதுவும் டொலரில். ஆயிரத்து நூறு கலியாணம் அங்கே வாடகைக்குக் கிடக்கிறது.

முதலாளி றிஷாத் பிள்ளையைக் கூப்பிட்டு, "மகள், இந்த வாடகைல எவ்வளவு மிச்சம் பிடிக்கலாமெண்டு ஒரு மதிப்பீடு தாங்க. நீங்க சொல்ற தொகையும் பிறகு வாற பில்லும் ஒத்து வந்தா வேலை நிரந்தரம். வராட்டி ஆறு மாசத்தோட சரி" என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் பிடிக்கும் வழியும் இருக்கிறது. பிரிட்ஜில் மேல்தட்டும் ஐஸ் பெட்டியும் போல, கிளவுட்டிலும் இரண்டு இடம். ஐஸ் பெட்டிக்கு வாடகை பத்தில் ஒரு பங்குதான். ஆனால் அதில் போட்டதை நினைத்தவுடன் பார்க்க முடியாது. இரண்டு நாள் பொறுத்தால் சும்மா எடுக்கலாம். உடனே வேண்டும் என்று பட்டனை அமத்தினால் ஒவ்வொரு தரமும் கொம்பனிக்குக் காசு.

யாருடைய வீடியோவை ஐஸ் பெட்டிக்கு மாற்றினாலும் அந்தக் குடும்பத்தின் கையெழுத்து வேண்டும். "சின்னம்மம்மாவுக்கு நான் கோல் எடுக்கிறன்" என்றாள் பிள்ளை. அந்த வீட்டுக்கு நானே எழுதுகிறேன் என்றேன்.

தாலித்தட்டு எனக்கு முன்னால் நிற்காமல் போன கலியாணம் அது. சபையில் எல்லோரும் தொட்டு ஆசி சொன்ன தாலியை, பெண்ணின் பெரியம்மா தொடவில்லை. அதை இனி யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? இத்தோடு இருக்கும் தாளில் கையெழுத்து வைத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
நாகமணி


கல்லடி
11.02.2025

என் அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். உங்கள் முழங்கால் நோ எப்படி? இரவில் எண்ணெய் போடுகிறீர்களா?

ஆறரை வருடத்துக்குப் பிறகு உங்கள் கையெழுத்தைக் கண்டதும் இவர் பயந்துவிட்டார். "பிரிச்சுப் பாருமப்பா, ஆருக்கோ என்னவோ" என்று என் கையில் தந்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். வாசித்து முடித்ததும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை, அக்காவுக்குப் பழைய கோபம் அப்படியே இருக்கிறது என்றேன். "அப்பாடா, அப்ப ஆள் நல்ல சுகம்" என்றார்.

தட்டு நின்றது, அக்கா. என் மச்சாள்தான் கொண்டு வந்தா. உங்களுக்கு முன்னால் நிறுத்தித்தான் போனதாக அன்றைக்கே சத்தியம் பண்ணினா. நான் எத்தனை தரம் சொல்வது?

தாள் மேசையில் இருக்கிறது. கையெழுத்து வைக்க முதல் ஒன்று கேட்க வேண்டும். ஐஸ் பெட்டியில் இருப்பதை ஒருவர் எடுத்துப் பார்த்தால், பார்த்தது யார் என்று கொம்பனிக்குத் தெரிய வருமா? சும்மா அறிவதற்குத்தான்.

என்றும் உங்கள்,
ஜெயராணி


கொட்டாஞ்சேனை
24.02.2025

ஜெயராணி அறிவது,

சுகம். முழங்கால் எனக்கு 2019 இலேயே மாறிவிட்டது. அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

சத்தியம் பண்ணினது யார்? உன் மச்சாள். 1994 இல் என் வீட்டு இடியப்ப உரலை வாங்கிக்கொண்டு போய், இன்று வரை தராத உன் மச்சாள். அவவின் சத்தியத்துக்கு அந்த உரல் சாட்சி.

நீ கேட்டதற்குப் பதில். யார் எதைப் பார்த்தார்கள் என்று பதிந்து வைக்கும் புத்தகம் ஒன்று கிளவுட்டில் இருக்கிறதாம். அதற்கும் வாடகை என்று முந்தி வேலை செய்தவர்கள் அதை மூடி வைத்துவிட்டார்கள். இப்போதுதான் நிஷாந்தினி திறந்திருக்கிறாள். அதில் ஊர் மட்டும் விழும், ஆளின் பெயர் விழாது. ஏன் கேட்டாய்?

அந்தப் புத்தகம் நிரம்ப மாதக்கணக்கு எடுக்கும். மதிப்பீட்டைப் பங்குனி முடியும் முன் கொடுக்க வேண்டும். பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "அம்மம்மா, இந்த ஆயிரத்து நூறில ஆற்ற கலியாணத்த இனி ஒருத்தரும் பாக்க மாட்டினம்?" என்று கேட்டாள். கேட்ட இடம் சரியான இடம். முந்நூறுக்கு நானே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். மிச்சத்தைக் கோயிலில் கேட்டு வைத்திருக்கிறேன்.

பத்து நாளாகப் பெயரை அவள் வாசிக்கிறாள், இடத்தை நான் சொல்கிறேன். புஷ்பராஜின் கலியாணம்: தாய்மாமனுக்கு முன்வரிசையில் கதிரை போடவில்லை, அவர் பாரிசிலிருந்து வந்தும் சாப்பிடாமல் எழும்பிப் போனார். ஐஸ் பெட்டி. மாளிகாவத்தை நளீபாவின் மகளின் கலியாணம்: ஆறு பேர் கூடிச் சாப்பிடும் சகன் தட்டுக்கு இறைச்சி பத்தாமல் இரண்டு வீட்டாரும் வாசலில் நின்று கதை வளர்த்தார்கள். ஐஸ் பெட்டி. கஜேந்திரனின் கலியாணம்: பெண்ணின் தமையனைக் கூப்பிடாமல் படம் எடுத்தார்கள். ஐஸ் பெட்டி. இங்கே கொட்டாஞ்சேனை செபஸ்தியனின் மகனின் கலியாணத்தில் ஒரு குறையும் இல்லை, கிழவர்கள் எல்லாம் பைலா ஆடினார்கள். அது மேல்தட்டில் இருக்கட்டும்.

மனம் முறிந்த இடத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. மொத்தமாக நூற்றுக்கு நாற்பத்தாறு மிச்சம் வரும் என்கிறாள் பிள்ளை. உன் தாள் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
நாகமணி


கல்லடி
14.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். இவருக்கு மட்டும் தடிமன். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன்.

தாளைக் கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறேன். பிந்தியதற்குக் காரணம் ஒன்றும் இல்லை, பேனை கிடைக்கவில்லை. எங்களுக்கு அந்த வீடியோவால் ஒரு தேவையும் கிடையாது. தாராளமாக ஐஸ் பெட்டியில் போடலாம்.

நிஷாந்தினிப் பிள்ளையின் மதிப்பீடு சரிவர மாமாங்கப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கிறேன். நாற்பத்தாறு என்பது கொஞ்சம் கூடவோ? எனக்கென்ன தெரியும்.

என்றும் உங்கள்,
ஜெயராணி


கொட்டாஞ்சேனை
22.04.2025

ஜெயராணிக்கு,

எல்லோரும் சுகம். வருடப்பிறப்பு நல்லபடி போனது. நீங்களும் பொங்கியிருப்பீர்கள்.

நாற்பத்தாறு என்று எழுதிக் கொடுத்தாயிற்று. ஏப்ரல் முதலாம் திகதி எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். றிஷாத் சந்தோஷத்தில் பெருநாளோடு வீட்டுக்கு ஒரு சட்டி வட்டிலாப்பம் அனுப்பினார். மே மாதம் பில் வந்ததும் பிள்ளைக்கு நிரந்தரம்.

வேறு ஒரு சின்ன விஷயம். றஷ்மியின் கலியாண வீடியோ டிவிடியாக உன்னிடம் இருக்கிறதா? கோயிலுக்கு வரும் ஒரு ஆள் மணவறை அலங்காரம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறா. அவசரம் இல்லை. வருகிற வெள்ளிக்குள் கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
நாகமணி


கல்லடி
28.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

டிவிடி ஒன்று தந்தார்கள்தான். அது கீறல் விழுந்து, பாதியில் நிற்கிறது. நல்ல இடம் வர முதலே நின்றுவிடும். கோயிலுக்கு வரும் அந்த ஆளுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?

நானும் உங்களிடம் ஒன்று கேட்க இருந்தேன். றஷ்மி மெல்பேனிலிருந்து அந்த வீடியோவை எடுத்து, பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றாள். அந்த உடனே எடுக்கும் பட்டனை ஒருவர் அமத்தினால் கொம்பனிக்குப் பெரிய நட்டமா? ஒரு தரம் என்றால் பரவாயில்லைத்தானே? கிழமைக்கு ஒன்று, இரண்டு என்றால்?

என்றும் உங்கள்,
ஜெயராணி


கொட்டாஞ்சேனை
07.05.2025

ஜெயராணிக்கு,

உடம்புக்குச் சுகம். மனதுக்கு இல்லை.

பில் வந்துவிட்டது. மிச்சம் நாற்பத்தாறு இல்லை, பத்தொன்பது. வாடகை குறைந்தது உண்மை. குறைந்ததைப் பட்டன் தின்றுவிட்டது. சனம் உடனே, உடனே என்று அமத்தித் தள்ளியிருக்கிறது. றிஷாத் சத்தம் போடவில்லை. "மகள், நாப்பத்தாறு எங்க, பத்தொம்பது எங்க?" என்று மட்டும் கேட்டாராம். சத்தம் போட்டிருந்தால் பிள்ளை இரண்டு வாயாவது சாப்பிட்டிருப்பாள். சோறு போட்ட கோப்பை போட்டபடி கிடக்கிறது. ஒரே ஒரு தவணை தந்திருக்கிறார். இன்னொரு மதிப்பீடு எழுத வேண்டும். ஜூன் மாதப் பில் அதோடு ஒத்து வராவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தப் புத்தகம் இப்போது நிரம்பியிருக்கிறது. நேற்று நிஷாந்தினி எனக்கு வாசித்துக் காட்டினாள். பிழை என்னுடையது. மனம் முறிந்த கலியாணத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவற்றைத்தான் பார்க்கிறார்கள். புஷ்பராஜின் தாய்மாமன் பாரிசில் ஞாயிறு தவறாமல் போடுகிறார், முன்வரிசை வரும்வரை ஓடவிட்டு அதில் நிற்பாட்டுகிறார். மாளிகாவத்தைக் கலியாணத்தில் இரண்டு வீட்டாரும் தனித்தனியாக எடுத்து, சகன் வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். கஜேந்திரனின் மச்சானும் அப்படியே. செபஸ்தியனின் மகன் கலியாணத்தை, அந்தப் பைலாவை, ஒரு குஞ்சும் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டவர்கள் அன்றைக்கே பட்டு முடித்துவிட்டார்கள் போல.

ஒரு கலியாணம் மட்டும் ஏப்ரலில் பதினொரு தரம் வெளியே வந்திருக்கிறது. அதுதான் ஆகக் கூட. எந்தக் கலியாணம் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையும் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

உன் தேங்காயை இன்னும் உடைக்காதே.

நாகமணி


வெள்ளவத்தை
09.05.2025

அன்புள்ள சின்னம்மம்மாவுக்கு,

நீங்களும் சின்னப்பாட்டாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோல் எடுத்திருப்பேன். ஆனால் இதைச் சொல்லும்போது உங்களுக்கும் எனக்கும் சிரிப்பு வரும், பிறகு அம்மம்மாவுக்குக் கேட்டுவிடும். அதனால் அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன்.

ஏப்ரலில் பதினொரு தரம் எடுக்கப்பட்டது றஷ்மி அன்ரியின் கலியாணம். ஐந்து தரம் கொட்டாஞ்சேனையிலிருந்து. ஆறு தரம் மட்டக்களப்பிலிருந்து. மெல்பேனிலிருந்து ஒரு தரமும் இல்லை. எங்கிருந்து எடுத்தாலும் ஒரே இடத்தில்தான் நிற்பாட்டப்பட்டிருக்கிறது, தாலித்தட்டு சபைக்குப் போகும் அந்த ஒரு நிமிடத்தில்.

நான் கோபிக்கவில்லை. உங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் எனக்கு வழி தெரிந்தது. கோபக் கலியாணங்களைத் திரும்ப மேல்தட்டுக்கு ஏற்றினால் மிச்சமே இல்லை. அதனால் அவை ஐஸ் பெட்டியிலேயே இருக்கும், பட்டனைத்தான் எடுத்துவிட்டேன். பார்க்க விருப்பமானவர்கள் புதன்கிழமைக்குள் சொல்லி வைக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து வெள்ளிக்கிழமை வெளியே வரும், அன்று முழுக்க நிற்கும், இரவோடு மூடிவிடும். இரண்டு நாள் பொறுத்து எடுப்பதால் கொம்பனிக்குச் செலவு இல்லாத மாதிரி. கையெழுத்துத் தந்த சந்தோஷக் கலியாணங்களையும் கீழே இறக்குகிறேன். ஒருவரும் தேட மாட்டார்கள்.

ஒன்றுதான் தெரியாமல் இருந்தது. எத்தனை பேர் வெள்ளி வரை பொறுப்பார்கள்? பொறுக்க மாட்டாமல் சண்டை பிடித்தால் றிஷாத் சேர் பட்டனைத் திருப்பிப் போட்டுவிடுவார், மதிப்பீடு விழுந்துவிடும். அம்மம்மாவிடம் கேட்டேன். "கோவக்காரர் பொறுப்பினம். கோவமெண்டாலே பொறுத்து வைச்சிருக்கிறதுதானே" என்றா. அதை நம்பி நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தயவு செய்து நீங்களும் பொறுங்கள்.

உங்கள் பேத்தி,
நிஷாந்தினி


கல்லடி
16.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சுகம் கேட்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? பிள்ளை சாப்பிடுகிறாளா? நாங்கள் சுகம்.

பதினொன்றில் ஆறு நான்தான். மிச்சம் ஐந்து கோயிலுக்கு வரும் அந்த ஆளாக இருக்கும். அவவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஒளிப்பதில் இனி என்ன இருக்கிறது. கலியாணம் முடிந்த மாதத்திலிருந்து பார்க்கிறேன். தட்டு நின்றது என்று காட்டி, அந்த இடத்தைப் படமாக எடுத்து உங்களுக்கு அனுப்பத்தான் தொடங்கினேன். ஆனால் அக்கா, உங்களுக்கும் அதே டெரிக்கின் முதுகுதானே தெரிகிறது? மாப்பிள்ளையோடு வேலை செய்த அந்த நெட்டைப் பெடியன், நீலக் கோட்டுப் போட்டவன். தட்டு உங்கள் வரிசைக்கு வரும் நேரம் பார்த்து எழும்பி நின்று ஃபோன் கதைக்கிறான். தட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போகிறது. பிறகு மறுபக்கத்தால் வருகிறது. நடுவில் நின்றதா நிற்கவில்லையா என்று எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் தெரியவில்லை. நான் கதிரையில் இருந்து எட்டியும் பார்த்திருக்கிறேன். இவர் சிரிக்கிறார்.

டெரிக் எழும்ப முதல் உங்களைக் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள். அந்த மாம்பழ மஞ்சள் சேலையோடு யாருக்கோ கதை சொல்லிச் சிரிக்கிறீர்கள். அதையும் பார்ப்பேன். தட்டு வருகிறதா என்று பார்க்கத்தான்.

இனி வெள்ளிக்கிழமைதான் என்று நிஷாந்தினி எழுதியிருந்தாள். எங்கள் பக்கம் வெள்ளிக்கிழமைகளில் இன்ரர்நெற் இழுத்து இழுத்துத்தான் வருகிறது. கொழும்பில் அப்படி இல்லை என்று சொல்கிறார்கள். அதுதான் யோசிக்கிறேன்.

என்றும் உங்கள்,
ஜெயராணி


கொட்டாஞ்சேனை
07.07.2025

என் அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் மகளும் சுகம். நிஷாந்தினி மிகவும் சுகம், இரண்டு கோப்பை சோறு சாப்பிடுகிறாள். நீயும் உன் அவரும் சுகமாக இருக்க அம்பாளை வேண்டுகிறேன்.

பதில் பிந்திவிட்டது. பில் வரும்வரை ஒன்றும் எழுதுவதில்லை என்று இருந்தேன். போன வியாழன் வந்தது. பிள்ளை சொன்னது ஐம்பத்தெட்டு, வந்தது ஐம்பத்தேழரை. றிஷாத் கடிதத்தை நீட்டி, "இனி நிரந்தரம் மகள். சரி, அந்த ஆக்கள் வெள்ளி வரைக்கும் பொறுப்பாங்கண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்ச?" என்று கேட்டாராம். "வீட்டில ஒரு ஆளிட்டக் கேட்டனான் சேர்" என்றாளாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். இதை நான் மறக்க மாட்டேன், ஆனாலும் பரவாயில்லை.

ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. புதன்கிழமை சொல்லி வைக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பார்க்கிறார்கள். பாரிசுத் தாய்மாமன் ஞாயிறை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டார். மாளிகாவத்தையில் இரண்டு வீட்டாருக்கும் நேரம் ஒன்று என்பதால் இப்போது ஒரே வீட்டில் கூடிப் பார்க்கிறார்கள் என்று கேள்வி. சகன் வரும் இடத்தில் நிற்பாட்டிவிட்டுச் சண்டை, பிறகு தேத்தண்ணி.

டெரிக்கின் முதுகு எனக்கும்தான் தெரிகிறது. ஏழு விநாடி. நான் எண்ணியிருக்கிறேன். தட்டு நின்றது என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிற்கவில்லை என்று சத்தியம் பண்ணவும் மாட்டேன். நான் அந்த நேரம் யாருக்கோ கதை சொல்லிக்கொண்டு இருந்தேன் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இனி மாதாமாதம் மதிப்பீடு வேண்டும் என்று றிஷாத் கேட்டிருக்கிறார். ஓகஸ்ட்டுக்கு நேற்றே எழுதினாள் பிள்ளை. ஒவ்வொரு கோபக் கலியாணத்துக்கும் எத்தனை வெள்ளி, எத்தனை இடம் என்று போட வேண்டுமாம். றஷ்மியின் கலியாணம் வந்ததும், "அம்மம்மா, என்ன போடுறது?" என்று கேட்டாள். ஓகஸ்ட்டில் ஐந்து வெள்ளிக்கிழமை வருகிறது. ஐந்துக்கும் கொட்டாஞ்சேனை மட்டும், மட்டக்களப்பு பூச்சியம் என்று போடச் சொன்னேன். போட்டாயிற்று. றிஷாத் கையெழுத்தும் வைத்துவிட்டார்.

இனி நீ அங்கே இருந்து பார்த்தால் மதிப்பீடு பிழையாகிவிடும். நீ பார்க்காமல் இருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஜூலை முப்பத்தோராம் திகதிக்குள் உடுப்போடு வந்து சேர். ஐந்து வெள்ளியும் முடிய முதல் போகிற கதை கதைக்காதே. பிள்ளையின் வேலை விஷயம்.

உன் அக்கா,
நாகமணி